பிரிஸ்கில்லாவுக்குப் போட்ட நாற்காலி

பிரிஸ்கில்லாவை லோடு ஆட்டோவில் தூக்கி ஏற்றிய கதையைக் கோவில்பட்டியில் அவள் தெருவில் யாரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நான் சிரிக்காமல் சொல்கிறேன். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்தில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோவிலில் தேர். அதற்கு முந்தின நாள் விடியற்காலையில் பிரிஸ்கில்லாவின் தெருவிலிருந்து ஒரு கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்து போகும். பின்னால் அவள் கொழுந்தன் ஜேம்ஸ்ராஜின் லோடு ஆட்டோ வரும். தண்ணீர் டிரம், மோர்க் குடம், சமையல் சட்டிகள், பாய், தார்ப்பாய் எல்லாம் அதில்தான். போன வருஷம் பாதி வழி தாண்டியதும் பிரிஸ்கில்லாவுக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் மடங்க மறுத்தது. ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் கீழேயிருந்து தள்ள, இரண்டு பேர் மேலேயிருந்து இழுக்க, சாம்பார்ச் சட்டிக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் அவளை ஏற்றினார்கள். ஜேம்ஸ்ராஜின் பெண்டாட்டி சபிதா அதைச் செல்போனில் வீடியோ எடுத்தாள். எடுத்ததோடு விட்டாளா? ‘எங்கள் அக்காவின் திருப்பயணம்’ என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டு, பாதயாத்திரை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் பெனிட்டோவும் அந்தக் குரூப்பில் இருக்கிறான். அன்று சாயங்காலமே போன் பண்ணினான். அவன் சிரிக்கவில்லை. “கால் இப்பம் எப்படிம்மா இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டான். அவன் சிரித்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பாள். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பாவப்பட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோவில் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, மாதா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“அடுத்த வருசம் என் காலாலதான் வருவேன். ஒருத்தன் கை என் மேல படப்பிடாது. பட்டுச்சுன்னா, பெறவு ஒன் தேருக்கு வாரதயே விட்டுருதேன், பாத்துக்கோ.”

மாதாவிடமே இப்படிப் பேசுகிறவள் அவள். மற்றவர்களை விட்டுவைப்பாளா என்ன?

ஆனாலும் வாய்ச்சொல் வேறு, உடம்பு வேறு. ஊர் திரும்பியதும் வேலை, வீடு, தண்ணீர்க் குடம் என்று மாதங்கள் ஓடிவிட்டன. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்தவளிடம் ஜேம்ஸ்ராஜ் வாயைக் கொடுத்தான்.

“மதினி, இந்த வருசம் ஒங்களுக்குத் தனி ஏற்பாடு. வண்டியில பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு கட்டிப் போட்டுருதேன். சட்டி பானையோட உக்கார வேண்டாம், ராணி மாதிரி வரலாம்.”

அவன் வெறும் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் அக்கறையும் அதில் இருந்தது. அந்த அக்கறைதான் அவளைச் சுட்டது. “கட்டுலே, கட்டு. யாரு உக்காருதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் விடியும் முன்பே, புருஷன் யோவானின் பழைய ஷூவைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து மாட்டிக்கொண்டாள். யோவானுக்கு நூல் மில்லில் வேலை. ஆள் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பார், பாதம் மட்டும் பெரிசு. சேலையும் ஷூவுமாக அவள் ஹாக்கி மைதானத்துக்குள் நுழைந்தபோது, பந்தடித்துக்கொண்டிருந்த பையன்களெல்லாம் ஒரு நிமிஷம் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வெளிச்சுவரை ஒட்டி நடந்தாள். முதல் நாள் இரண்டு சுற்று. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தவளுக்குக் கால் நடுங்கியது. அடுத்த நாளும் போனாள்.

பிரிஸ்கில்லாவுக்குக் கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு விறகு அடுப்பு, கடலை வறுக்க ஒரு ஆள், மிட்டாயைத் தேய்க்கவும் வெட்டவும் கட்டவும் ஏழெட்டுப் பெண்கள். அதில் பாகுச் சட்டி பிரிஸ்கில்லாவுடையது. வெல்லப்பாகு பதம் வந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் கடலை உள்ளே விழும். ஒரு சொட்டுப் பாகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவாள். அது இறுகியதும் எடுத்து வாயில் போட்டுக் கடிப்பாள். பல்லில் ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம், நறுக்கென்று உடைந்தால் இறக்கிவிடலாம். முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி வேறு யாரையும் அந்தச் சட்டிப் பக்கம் விடமாட்டார். அவளுக்கும் அதில் தலை நிமிர்ந்த பெருமை உண்டு.

கடலை மூட்டை நிறுக்கிற எடை மெஷின் கொட்டகை வாசலிலேயே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சரக்கெல்லாம் நிறுத்து முடிந்ததும் பிரிஸ்கில்லா அதன் மேல் ஏறி நின்றாள். தொண்ணூற்றிரண்டு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மிட்டாய் வெட்டுகிற யோகலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, “எக்கா, ஒரு மூட்டையவிட கூட இருக்கியளே” என்றாள்.

“இருக்கட்டும்ட்டி. தேருக்குள்ள எறங்கிரும்.”

இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்ததும் அதேதான். இரண்டு சுற்று நாலாகி, நாலு ஏழாகி, ஈஸ்டரும் வந்து போனது. பங்குனி வெயிலிலும் விடாமல் நடந்தாள். மெஷின் மட்டும் அசைய மாட்டேன் என்றது. கொட்டகையில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. சனிக்கிழமை அவள் மெஷினில் ஏறும்போது வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். எண்ணைப் பார்த்துவிட்டுக் கலைந்து போவார்கள். அடுத்தவள் எடையைப் பார்ப்பதில் இந்த ஜனங்களுக்கு அப்படி என்னதான் சந்தோஷமோ!

“நடந்து நடந்து என் ஷூதான் தேயுது” என்றார் யோவான்.

“வேற வாங்கித் தாங்க.”

“எதுக்கு? கொறையலேங்கும்போது என்னத்துக்கு நடக்கே?”

“காலு இருக்குல்லா. அதுக்குத்தான் நடக்கேன்” என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, உள்ளே அவளுக்கும் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். டீயில் சீனியை நிறுத்தினாள். தவக்காலத்தில் இனிப்பே தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவள், ஈஸ்டர் முடிந்த பிறகும் அதை விடவில்லை. கடைசியில் சுகாதார நிலையத்துக்கே போய், அங்கிருந்த நர்சம்மாவிடம் நியாயம் கேட்டாள். நர்சம்மா பொறுமையாக விசாரித்தார். காலையில் என்ன? இரண்டு இட்லி. மத்தியானம்? கொஞ்சம் சோறு, கீரை, எப்பமாவது கருவாடு. ராத்திரி? கம்பங்கஞ்சி. எண்ணெய்ப் பலகாரம்? கிடையாது.

“இனிப்பு, மிட்டாய் ஏதாவது சாப்பிடுவீங்களா?”

“மிட்டாயா?” பிரிஸ்கில்லா முகத்தைச் சுளித்தாள். “நான் கடலைமிட்டாய்க் கம்பெனியிலல்லாம்மா வேல பாக்கேன். அந்த வாடைக்கே எனக்கு ஓங்கரிக்கும். மாதா மேல சத்தியமா ஒரு துண்டு திங்கமாட்டேன்.”

நர்சம்மா தைராய்டு டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டும் ஒழுங்காகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கம்பங்கஞ்சியில் எதைக் குறைக்க? கம்பையா, தண்ணீரையா?

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மெஷின் தொண்ணூற்றிரண்டரை காட்டியது. குறையாததோடு கூடவும் கூடியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சிகூட, “விடு தாயி, ஒடம்பு வாகு அப்படி” என்றார். பிரிஸ்கில்லா மெஷினிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்றி, வந்த கோபத்தில் கொல்லைப் பக்கம் வீசி எறிந்தாள். அன்றைக்கு அவள் மனசு உண்மையிலேயே விட்டுப்போனது. மறுநாள் மைதானத்துக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்கவே போகவில்லை. ஜேம்ஸ்ராஜ் வழியில் பார்த்து, “நாற்காலி கை வச்சதா, கை வைக்காததா மதினி?” என்றான். அவள் பதில் சொல்லாமல் போனாள். பதில் சொல்லாமல் போகிற ஆளா அவள்? அதைப் பார்த்து ஜேம்ஸ்ராஜுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் பெனிட்டோ ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினான். அவனை ரயிலேற்றிவிடப் பிரிஸ்கில்லாவும் யோவானும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரயில் அடுத்த பிளாட்பாரத்தில் என்று சொல்லிவிட்டார்கள். மேம்பாலப் படியேறித்தான் போகவேண்டும். பையன் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். முறுக்கு, அரிசி, ஊறுகாய் எல்லாம் திணித்த பையைப் பிரிஸ்கில்லா தூக்கிக்கொண்டாள். ரயில் வந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே போய், “ஏங்க, சீக்கிரம் வாங்க” என்று திரும்பிப் பார்த்தால் யோவானைக் காணவில்லை. அவர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

போன கிறிஸ்துமசுக்கு இதே படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறியவள் அவள். அன்றைக்கு அவளுக்காகக் காத்திருந்து சலித்துக்கொண்டவர் யோவான். பிரிஸ்கில்லா பையைக் கீழே வைத்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வலி இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மேலே வந்து சேர்ந்த யோவான், “என்னட்டி இளிக்கே?” என்றார்.

“ஒண்ணுமில்ல. அந்த மெஷினு பொய் சொல்லுதுங்க.”

“எந்த மெஷினு?”

“ரயிலு வந்துட்டு, வாங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் கிடந்த ஷூவைத் தட்டி, உள்ளே குடியேறியிருந்த தேரையை விரட்டிவிட்டு மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். “கொறைஞ்சிருக்கா?” “கொறையல.” “பெறவு?” “பெறவு என்ன பெறவு? நாளைக்கும் போவேன்.” சனிக்கிழமை மெஷினில் ஏறுவதையும் அவள் விடவில்லை. மெஷினைப் பார்த்துப் பயந்து ஒளிகிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்கிற வீம்புதான் காரணம். ஏறுவாள், எண்ணைச் சத்தமாகத் தானே படிப்பாள், இறங்குவாள்.

ஆனி மாதம் கடைவாய்ப் பல் ஒன்று அவள் உயிரை எடுத்தது. ஓட்டை விழுந்து, கன்னம் பூரி மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஒரு வாரம் கடினமாக எதையும் கடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடிக்கக்கூடாது என்றால் பாகுப் பதம் பார்ப்பது எப்படி? அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் யோகலட்சுமியைச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிரிஸ்கில்லா கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, “இப்பம் போடு, இப்பம் கடி, ஒட்டுதா? இன்னும் கொஞ்சம் பொறு” என்று கையாட்டிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மெஷினில் ஏறினாள். வழக்கம்போலப் படிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொண்ணூறு காட்டியது.

“மெஷினு ரிப்பேராட்டி?” என்றாள். கடலை மூட்டையைத் தூக்கி வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். மூட்டை சரியாக இருந்தது. மறுபடி ஏறினாள். மறுபடியும் தொண்ணூறு.

“பல்லு ரெண்டு கிலோவா இருந்திருக்கும்” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். யோகலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதையோ யோசித்தாள்.

“எக்கா, ஒண்ணு கேக்கேன். இந்த வாரம் பூராம் எனக்கு மத்தியானம் பசிக்கவே இல்ல. தூக்குச்சட்டிச் சோத்த அப்படியே திருப்பிக் கொண்டுபோறேன்னு எங்க வீட்ல ஏசுதாவ. ஒங்களுக்கும் இப்படித்தான் இருக்குமா?”

“எனக்கு என்னைக்கு மத்தியானம் பசிச்சிருக்கு? பேருக்குக் கொறிப்பேன்.”

சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரிஸ்கில்லா நர்சம்மாவிடம் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாதா மேல் சத்தியம் செய்து பொய் சொல்கிறவள் அல்ல அவள். அந்தக் கொட்டகையில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பதம் பார்ப்பது வேலை, தின்பது இல்லை. குழம்பை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பதை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? அப்படித்தான் அவர்களுக்கு இதுவும். மிட்டாயை வெட்டும்போது ஓரத்தில் உதிர்கிற துண்டும் அதே வகைதான். அது மிட்டாயே இல்லை, ‘ஓரம்’. டீயோடு ஆளுக்கு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். தவக்காலத்தில்கூட அதற்குத் தடை கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருத்திக்கும் அதுவும் தின்பதுதான் என்று தோன்றியதில்லை.

திங்கட்கிழமை யோகலட்சுமி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரிஸ்கில்லா பதம் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதே அளவுப் பாகை ஒரு துண்டு கிண்ணத்தில் போட்டாள். டீ நேரத்தில் ஒரு பிடி ஓரத்தையும் போட்டாள். வேலை முடியும்போது கிண்ணம் நிறைந்து, மேலே குவிந்திருந்தது.

பிரிஸ்கில்லா அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. “மாசிலேருந்து நான் நாயா நடந்தது எல்லாம் இந்தக் கிண்ணத்துக்குள்ளயாட்டி போச்சு?” என்று கத்தினாள். அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தை வீசி எறியப் போனவள் கையை நிறுத்தினாள். ஸ்டேஷன் படி ஞாபகம் வந்தது. “இல்லட்டி. எல்லாம் ஒண்ணும் இதுல போகல. பாதி என் காலுக்குள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை யோகலட்சுமி கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் தண்ணீரில் இறுகிய பாகை விரலால் எடுத்து, காதுப் பக்கம் வைத்து ஒடித்துப் பார்க்கப் பழகினாள். சொல்வது சுலபம். இரண்டாம் நாளே ஒரு சட்டிப் பாகு இளம்பதத்தில் இறங்கி, மிட்டாயெல்லாம் ஜவ்வாக இழுத்தது. அண்ணாச்சி, “பல்லுல பாக்காம பதம் எப்படித் தெரியும்? ஒன் ஒடம்புக்காக என் சரக்க நாசமாக்காத தாயி” என்று சத்தம் போட்டார். தப்பு தன்னுடையது என்பதால் அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் விடவில்லை. சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு கடி, மற்றபடி விரலும் காதும்தான். ஆடி பிறப்பதற்குள் கை தேறிவிட்டது. ஓரத்தைத் தொடுவதில்லை. தொடுவதே இல்லை என்று நான் எழுதினால் யோகலட்சுமி சிரிப்பாள். எப்போதாவது ஒரு துண்டு உண்டு.

சரி, எடை அதன் பிறகு மளமளவென்று இறங்கியிருக்குமே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பல் ஆறியதும் சோறு கொஞ்சம் கூடியது, மெஷின் தொண்ணூறிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பிரிஸ்கில்லா அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதினாலாம் தேதி காமநாயக்கன்பட்டிக்கு யாரும் தொடாமல் நடந்து போகவேண்டும்.

அந்த நாளும் வந்தது. இருட்டுப் பிரியும் நேரத்தில் தெருமுனையில் கூட்டம் கூடியது. ஜேம்ஸ்ராஜ் சொன்னபடியே செய்திருந்தான். லோடு ஆட்டோவில் டிரம்முக்கும் சட்டிகளுக்கும் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கை வைத்தது. நைலான் கயிற்றால் நாலு காலையும் இறுக்கிக் கட்டியிருந்தான். போதாததற்கு ஒரு தலையணை வேறு. எல்லோர் கண்ணும் நாற்காலிக்கும் பிரிஸ்கில்லாவுக்குமாகப் போய்ப் போய் வந்தது. அவள் ஷூ நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நிலமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சேலை காலைச் சுற்ற, பிரிஸ்கில்லா அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் வேகத்தில் போனாள். வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போனார்கள், அவள் பார்க்கவே இல்லை. போன வருஷத்து மைல்கல் வந்தது. ஜேம்ஸ்ராஜ் வண்டியை மெதுவாக்கினான். பிரிஸ்கில்லா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். அவிழ்ந்திருந்த நாடாவைக் கட்டினாள். காலை இறக்கிவிட்டு நடந்தாள்.

இப்படியே பாட்டுப் பாடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வெயில் ஏறியது. கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில்தான் அவள் இடது முழங்கால் மக்கர் பண்ணியது. ஒவ்வொரு எட்டுக்கும் பல்லைக் கடித்தாள். கூட்டம் முன்னால் போய்விட்டது. யோவானும் ஜேம்ஸ்ராஜின் வண்டியும்தான் பக்கத்தில்.

ஜேம்ஸ்ராஜ் வண்டியை அவளோடு ஒட்டி ஓட்டி, குரலைத் தாழ்த்தினான். “மதினி, கிண்டல் இல்ல, மெய்யாச் சொல்லுதேன். ஏறிக்கோங்க. இங்கன யாரும் பாக்கல. கோவிலுக்குப் பக்கத்துல எறக்கி விட்டுருதேன். நடந்து வந்த மாதிரியே இருக்கும்.”

அவள் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். தலையணை தூசியில் நிறம் மாறியிருந்தது. உட்கார்ந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை மறைக்கவேண்டிய அவசியமில்லை. யோவான் கையை நீட்டினார். “வா, கையப் பிடிச்சுக்கோ. நான் தாங்கிக்கிடுதேன்.”

“தொடாதீங்க” என்றாள். உரக்கச் சொல்லிவிட்டாள். அவர் முகம் வாடியதைப் பார்த்துக் குரலை இறக்கினாள். “கோவப்படாதீங்க. ஒங்க கைய நான் பிடிச்சா, அவன் வண்டியில ஏறுனதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ஒங்களுக்கே மூச்சு வாங்குது. ஏறி உக்காருங்க போங்க.”

யோவான் கொஞ்ச நேரம் கௌரவம் பார்த்தார். காலையிலிருந்து அவரும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். அவள் திரும்பாமல் நடக்க ஆரம்பித்ததும், “எலே தம்பி, நிறுத்து” என்று வண்டியில் ஏறி, தலையணையைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் என்ன சத்தம் என்று திரும்பிய பிரிஸ்கில்லா, சட்டிகளுக்கு நடுவில் ஒல்லியாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். நடுரோட்டில் நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் நடக்க முடிந்தது. “அருள் நிறைந்த மரியே” என்று உரக்கத் தொடங்கி, ஒரு அருள்நிறைக்கு இத்தனை எட்டு என்று வைத்துக்கொண்டு போனாள். வண்டி அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.

கோவில் வாசலில் முன்னமே வந்து சேர்ந்த கூட்டம் வேப்பமர நிழலில் இருந்தது. பிரிஸ்கில்லா கொடிமரத்தருகே போய், தரையில் முழங்காலிட்டு அதன் அடியில் முத்தமிட்டாள். எழுந்திருக்கும்போது இரண்டு பெண்கள் கை நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, உள்ளங்கையைத் தரையில் ஊன்றித் தானாகவே எழுந்தாள். “பாத்துக்கிட்டியா?” என்று மாதாவிடம் மட்டும் கேட்டாள்.

பிறகு வண்டிக்குப் போனாள். யோவான் இன்னும் நாற்காலியிலேயே இருந்தார்.

“எந்திரிங்க. அது எனக்குப் போட்ட நாற்காலி.” ஜேம்ஸ்ராஜ் பக்கம் திரும்பினாள். “எலே, கயித்த அவுத்து அத எறக்கு. மாதா கோவில் வாசல்ல கொண்டு போடு.”

ஜேம்ஸ்ராஜ் முடிச்சை அவிழ்த்து, நாற்காலியை இறக்கி, தன் தோள் துண்டாலேயே துடைத்துப் போட்டான். பிரிஸ்கில்லா உட்கார்ந்தாள். புழுதி படிந்த ஷூக்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். சபிதா மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் செல்போன் இருந்தது, ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

“சபிதா, இங்கன வா. எடு.”

“எக்கா, போன வருசம் நான் வெளாட்டுக்குத்தான்...”

“அது கெடக்கட்டும். இப்பம் எடு. போன வருசம் போட்டியே, அதே குரூப்புல போடு. எம்மவன் பாக்கணும்.”

சபிதா எடுத்தாள். எடுத்துவிட்டு, விரல் செல்போன் மேல் நிற்க, “கீழ என்னக்கா எழுத?” என்று கேட்டாள்.

“பிரிஸ்கில்லா, தொண்ணூறு கிலோ, நடந்தே வந்து சேர்ந்தாள்னு எழுது.”

“நடந்து வந்தாள்னு போடுதேன். எடை எதுக்குக்கா? எல்லாரும் பாப்பாவல்லா.”

“பாக்கட்டும்ட்டி. அந்தத் தொண்ணூறையும் வேற எவளாவதா தூக்கிட்டு வந்தா? நாந்தான தூக்கிட்டு வந்தேன்?”

சபிதா அப்படியே எழுதி அனுப்பினாள். பொம்மை எதுவும் போடவில்லை.